செய்கை காட்டாத விடை

1997 ஓகஸ்ட் 9, சனி

காலை ஆறரைக்கே மைதானம். மழை விட்ட புல்லில் பந்து உருள மறுத்தது.

இந்த வருடமும் ஒஸ்வால்ட் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் விளையாட்டுப் பொறுப்பாளராக இருக்கும் கொள்ளுப்பிட்டிக் கொம்பனி ஆண்டுதோறும் இரண்டு மூன்று ஹொக்கி ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து எழுதுவினைஞர் வேலை கொடுக்கும். மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதன் முடிவில் நான் ஆளுக்கொரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாள் நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. முப்பத்தொரு வருடம் கணக்கும் ஹொக்கியும் படிப்பித்தவனுக்குப் பழகிய வேலைதான்.

இம்முறை மூன்று பேர். மஷூர், வலப்பக்கத்து முன்வரிசை. நல்ல வேகம், ஆனால் தலையைக் குனிந்தே ஓடுகிறான். கொட்டாஞ்சேனை றொபேட், நடுவரிசை. உயர்த்தாமல் அடிக்கத் தெரிந்தவன், சோம்பேறி. மூன்றாவது கேதீஸ்வரன், கோல்காப்பாளன். மன்னார்ப் பக்கம்; வவுனியாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். வயது இருபத்துநாலு.

மூவரிலும் அவன்தான் கெட்டிக்காரன் போலத் தெரிகிறது. ஆனாலும் ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று பிடிபடவில்லை.

ஓகஸ்ட் 16, சனி

பிடிபட்டது.

மஷூர் அடித்த பந்து இடுப்புயரத்தில் வந்தது. கேதீஸ்வரன் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மட்டை எங்கேயோ போய் விழுந்தது. ஹொக்கியில் காப்பாளன் பந்தைத் தடுக்கலாம், உதைக்கலாம், பிடித்து வைத்திருக்கக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கே இது முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற விதி.

“மறந்துபோனன் சேர்” என்று சிரித்தான்.

பாடசாலை அணியில் நாலு வருடம் விளையாடியதாக விண்ணப்பத்தில் இருக்கிறது. நாலு வருடம் விளையாடியவன் இதை மறப்பானா? விடையை மட்டும் சரியாக எழுதிச் செய்கையைக் காட்டாத பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். முழுப் புள்ளி போடக் கை வராது. எங்கே பார்த்து எழுதினான் என்றுதான் முதலில் தேடுவேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

பயிற்சி முடிந்து வெளியே வரும்போது வீதியில் பஸ் டயர் ஒன்று வெடித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கேதீஸ்வரன் மட்டும் பார்க்கவில்லை. நிலத்தோடு நிலமாகக் கிடந்தான். முகம் கீழே, வாய் திறந்தபடி, கை இரண்டும் காதில்.

மஷூர், “எழும்புங்க மச்சான், டயருக்கு சலாம் போட்டது போதும்” என்றான். அவனும் எழும்பிச் சிரித்தான். முழங்காலில் சேறு.

நான் சிரிக்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக விழ எங்கே பழகினான்?

இன்னொன்று. மற்றவர்கள் குளித்து உடை மாற்றும்போது அவன் அந்தப் பக்கமே போவதில்லை. இந்த வெக்கையிலும் காப்புக்கவசத்துக்குள் நீளக் காற்சட்டை.

செப்டெம்பர் 3, புதன்

எங்கே இருக்கிறாய் என்று கேதீஸ்வரனிடம் சும்மா கேட்டேன். “வெள்ளவத்தையிலை சேர், ஒரு அன்ரி வீட்டிலை.” எந்த ஒழுங்கை என்றேன். பதிலுக்குப் பந்தைப் பொறுக்கப் போய்விட்டான்.

ஒஸ்வால்டின் பதிவில் கொட்டாஞ்சேனை லொட்ஜ் விலாசம் இருக்கிறது. திங்கட்கிழமை நான் 155ஆம் பஸ்சில் வரும்போது அவன் பாமன்கடையில் இறங்கியதைக் கண்ணால் கண்டேன்.

ஒரு ஆளுக்கு மூன்று விலாசம்.

செப்டெம்பர் 5, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கே கேதீஸ்வரன் அலுவலகத்தில் அனுமதி கேட்டுப் போய்விடுகிறானாம். றொபேட் சொன்னான். எங்கே போகிறான் என்று யாருக்கும் தெரியாது.

செப்டெம்பர் 13, சனி

ஒஸ்வால்டிடம் கேட்டுவிட்டேன். “இந்தப் பெடியனை எங்கே கண்டு பிடிச்சனீர்?”

“மாஸ்டர், கோல் தடுக்கிறானா இல்லையா? அத பாருங்க.”

“தடுக்கிறான். எங்கே படிச்சவன் எண்டு கேக்கிறன்.”

“என்ன மாஸ்டர் நீங்க, சீஐடி மாதிரி!” தோளில் தட்டிவிட்டு மஷூரைக் கூப்பிடப் போய்விட்டார். எட்டு வருடப் பழக்கத்தில் ஒஸ்வால்ட் என் கண்ணைப் பாராமல் பேசியது இதுதான் முதல் தடவை.

அவருக்கும் ஏதோ தெரியும்.

செப்டெம்பர் 20, சனி

இன்று சிநேகபூர்வப் போட்டி. எதிரணிக்கு ஏழு ஷோர்ட் கோர்னர், கோலுக்குக் கிட்டவிருந்து அடிக்கும் தண்டனை அடி. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கேதீஸ்வரன் இப்போது பந்தைப் பிடிப்பதில்லை. இடக்கையை விரித்துத் தடுத்து, கீழே விழ விட்டு உதைக்கிறான். மட்டை கையை விட்டுப் போவதில்லை. ஐந்து வாரத்தில் ஐந்து வருடத் தேர்ச்சி. யாரும் இவ்வளவு வேகமாக வளர்வதில்லை, வளர்ந்து நான் கண்டதில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டெம்பர் 28, ஞாயிறு

மனைவி பத்மாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டு கேட்டாள்.

“உங்களுக்கு அவனிலை என்ன கோபம்?”

“கோபம் இல்லையப்பா. நாளைக்கு அவன் இயக்க ஆளாயிருந்தால்? நான்தானே கையெழுத்துப் போட்டவன்?”

“வடக்கிலையிருந்து வாற பெடியள் எல்லாரையும் நீங்கள் இப்பிடித்தான் பாக்கிறியள். உங்கடை அப்பரும் அங்கையிருந்துதான் வந்தவர்.”

அப்பா வந்தது 1938இல், கைப்பெட்டியும் அரசாங்க நியமனக் கடிதமும் கொண்டு. அது வேறு. வேறுதானா? போன மாசி மாதம் வீடு சோதனைக்கு வந்த ஆமிக்காரர்கள் அலுமாரியை முழுக்கக் கொட்டிவிட்டுப் போனார்கள். நாலு நாள் மடித்து அடுக்கினோம். இவளும் அதை மறந்துவிடவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மூன்று தாளும் எழுதி முடித்தேன். மஷூர், தலை நிமிரப் பழக வேண்டும், எடுக்கலாம். றொபேட், எடுக்கலாம், காலையில் ஓட விட வேண்டும். கேதீஸ்வரன், மூவரிலும் சிறந்தவன். இரண்டு வருடத்தில் தேசிய அணிக்குத் தகுதி.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படிவத்தில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம் இருந்தது. மற்ற இருவருக்கும் ‘நன்று’. இவனுக்கு எழுதினேன்: கல்விப் பின்னணி சொன்னபடி இல்லை. மூன்று வெவ்வேறு விலாசங்கள். வெள்ளி பிற்பகல்களில் காரணமின்றி வெளியேறுகிறார். விசாரிப்பது நன்று.

தேர்ச்சி அறிக்கையில் எத்தனை பிள்ளைகளுக்கு ‘விசாரிப்பது நன்று’ என்று எழுதியிருப்பேன்! தகப்பனைக் கூப்பிட்டு ஒரு கதை கதைப்போம், அவ்வளவுதான்.

ஒக்டோபர் 13, திங்கள்

வழக்கமாக ஒஸ்வால்டின் கையில்தான் கொடுப்பேன். இம்முறை கொடுக்கவில்லை. நேரே கொம்பனிக்குப் போய் ஆளணி முகாமையாளரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, “தேங்க் யூ மாஸ்டர், வெரி தறோ” என்றார். ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறேனாம்.

ஒக்டோபர் 15, புதன்

காலையில் கொழும்புக் கோட்டையில் குண்டு. யன்னல் இங்கேயே அதிர்ந்தது. காலி வீதி முழுக்க ஆமி. பயிற்சி இல்லை. வீட்டு ஆட்களின் பொலிஸ் பதிவுப் பத்திரத்தை, கேட்டால் உடனே காட்ட, எடுத்து மேசையில் வைத்திருக்கிறோம்.

ஒக்டோபர் 17, வெள்ளி

மஷூர் தொலைபேசியில். அலுவலகத்துக்கு ஜீப் வந்ததாம். கேதீஸ்வரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். மேசையில் திறந்த பேனை அப்படியே கிடக்கிறதாம்.

கொம்பனியின் பாதுகாப்பு அதிகாரி முன்னாள் ஆமிக்காரர். அவர்தான் பொலிசுக்கு எடுத்துச் சொன்னாராம். கையில் ஒரு தாள் இருந்ததாம்.



ஒக்டோபர் 18, சனி

ஒஸ்வால்ட் வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“ஏன் மாஸ்டர் என்கிட்ட குடுக்கல?”

கதிரையை மேசைப் பக்கம் திரும்பத் தள்ளி வைத்தேன்.

“அவன் ஹொக்கி விளையாடினதே இல்ல. ஃபுட்போல் கோலி அவன். மன்னார்ல அவன் நிக்கிறத நான் பாத்திருக்கேன், பூனை மாதிரி. ஃபுட்போல்காரனுக்கு இந்தக் கொம்பனி வேலை தருமா? நான்தான் விண்ணப்பத்துல ஹொக்கின்னு எழுதினேன். நான்தான்! வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்குப் பக்கத்து ஸ்டோர் மதில்ல அவன நிக்க வச்சு நூறு நூறு பந்து அடிச்சேன். உங்க கண்ணுக்கு அம்பிடாம பழக்கணும்னு. உங்களுக்குப் பயந்து மாஸ்டர்! வேற யாருக்கும் இல்ல!”

விலாசம்? இருக்கிற ஒவ்வொரு இடத்திலும், ஆமி சுற்றிவளைத்துத் தேடிய மறுநாளே, வேறு இடம் பார் என்று அனுப்பிவிடுவார்களாம். மூன்று மாதத்தில் நாலு இடம். ஒரு இடத்துப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இடத்தில் இருப்பானாம்.

காற்சட்டை? தொடையில் ஷெல் காயம். கை அகலத் தழும்பு. தழும்பு கண்டால் பொலிஸ் இயக்கக்காரன் என்றே எடுக்கும். “அதத்தான் இப்ப அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றார். போகும்போது படலையைச் சாத்தவில்லை.

பத்மாவதி அடுக்களை வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். போய்ப் படலையைச் சாத்திவிட்டு வந்தாள். என்னை ஏசியிருக்கலாம்.

ஒக்டோபர் 20, திங்கள்

பொலிஸ் நிலையம். மூன்றரை மணி நேரம் மர வாங்கில் இருந்தேன். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி இளம் ஆள், மரியாதையாகச் சிங்களத்தில் கதைத்தார். மேசையில் என் தாள். நடத்தைக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம். நானும் பிழைகளைச் சிவப்பால்தான் வட்டமிடுவேன்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். கால்பந்துக் காப்பாளன் எப்படிப் பிடிப்பான், ஹொக்கிக் காப்பாளன் எப்படி விடுவான் என்று அவருடைய கோவைகள் இரண்டைக் கோல் கம்பங்களாக நிறுத்தி வைத்துக் காட்டினேன். நேற்றுப் பந்தைப் பிடித்தவன் இன்று விட்டான், அது கள்ளமல்ல, படிப்பு என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

“மஹத்தயா, அன்றைக்கு எழுதியது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?”

“அன்றைக்கு எழுதியதும் பொய் இல்லை” என்றேன். வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். கேதீஸ்வரனைப் பார்க்க விடவில்லை.

ஒக்டோபர் 27, திங்கள்

மறுபடியும் போனேன். வாங்கில் இருந்தேன். வந்தேன்.

நவம்பர் 8, சனி

கேதீஸ்வரனை விட்டுவிட்டார்கள். ஒஸ்வால்ட் பிடித்த சட்டத்தரணி கெட்டிக்காரர். என் வாக்குமூலமும் கோவையில் இருந்ததாம். உதவியதா என்று கேட்டேன், ஒஸ்வால்ட் தோளைக் குலுக்கினார். இருபத்திரண்டு நாள். வலக்கையின் இரண்டு விரல் மடங்கவில்லையாம்.

கொம்பனி அவனுக்கு ஒரு வரிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. தகுதிகாண் காலம் நீடிக்கப்படமாட்டாது. மஷூருக்கும் றொபேட்டுக்கும் நிரந்தரம். இரண்டு பேரும் என் தாளைப் பற்றி அறிந்திருக்கிறார்கள். பயிற்சியில் “குட் மோர்னிங் சேர்” சொல்கிறார்கள், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

வேலைக் கடிதம் இல்லாமல் கொழும்பில் எத்தனை நாள் இருக்க விடுவார்கள்?

நவம்பர் 16, ஞாயிறு

ஒஸ்வால்டிடம் போய்க் கேட்டேன், அவன் எங்கள் வீட்டில் வந்து இருக்கட்டும், பொலிஸ் பதிவில் பெயரைப் போடுகிறேன் என்று. கேட்டுச் சொல்கிறேன் என்றார். பின்னேரம் பதில் வந்தது: வேண்டாமாம்.

நவம்பர் 30, ஞாயிறு

கேதீஸ்வரன் வந்தான். படலைக்கு வெளியே நின்றான். பத்மாவதி கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டி வந்தாள். மெலிந்திருந்தான். இப்போதும் நீளக் காற்சட்டைதான்.

மாத்தளையில் ஒரு ஹொக்கி அணி கோல்காப்பாளன் தேடுகிறதாம். தோட்டத்து அலுவலகத்தில் வேலையும் உண்டாம். விரல்கள் மெல்ல மெல்ல மடங்குகின்றனவாம். என்னுடைய கடிதம் ஒன்று வேண்டும். “அவையள் உங்களைத்தான் கேக்கினம். ஒஸ்வால்ட் அண்ணை சொன்னதுக்காக வந்தனான்” என்றான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னான்.

மன்னிப்புக் கேட்க நினைத்து, “தம்பி, நான் செய்தது...” என்று தொடங்கினேன்.

“கடிதத்தைத் தாங்கோ சேர். பஸ்சுக்கு நேரமாகுது.”

ஒரு பக்கம் எழுதினேன். ஏழு ஷோர்ட் கோர்னரையும் எழுதினேன். கடைசியில், இவரை நான் நன்கு அறிவேன், நேர்மையும் நல்லொழுக்கமும் உள்ளவர் என்று சேர்த்தேன். அவ்வளவு மனதார நான் எதையும் எழுதியதில்லை.

நின்றபடியே வாசித்தான். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. கடைசி வரியில் விரல் நின்றது.

“இதை வெட்டுங்கோ.”

“ஏன் தம்பி? நல்லதுதானே எழுதியிருக்கிறன்?”

“நான் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம். கோல் தடுத்தனான். அது நீங்கள் கண்ணாலை பாத்தது. அதை மட்டும் எழுதுங்கோ.”

வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். பத்மாவதி கொண்டுவந்த தேநீரைக் குடித்தான். “வாறன் அன்ரி” என்று அவளிடம் சொன்னான். புதுத் தாளை வாங்கி மறுபடியும் முழுக்க வாசித்தான். பிறகு மறுபக்கத்தைத் திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதப்படவில்லை என்று கண்ட பிறகே மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.