பாட்டு முடிந்த பிறகு

2019 ஜூன் 11, செவ்வாய்

இன்றும் மழை. மூன்று மணியிலிருந்து தகரக் கூரையில் ஒரே அடி. போனில் பாடிப் பதிந்ததைப் போட்டுக் கேட்டேன். மழை, சந்தில் போகிற மோட்டார் சைக்கிள்கள், எதிர்வீட்டுக் கரோக்கே, இதற்கெல்லாம் அடியில் எங்கேயோ நான்.

நஜ்மு லாத்தாவுக்கு ஜூலை பதினான்காம் தேதி காரைக்காலில் கல்யாணம். வாப்பாவின் தம்பியான சாச்சாவின் மூத்த மகள், எனக்கு அக்கா முறை. வாப்பாவால் பென் தான் சந்தையில் இருக்கிற துணிக்கடையை விட்டு வர முடியாது. உம்மாவின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் இன்னும் திரும்பவில்லை. அதனால் நாங்கள் போகவில்லை. மருதாணி வைக்கிற சாயங்காலம் பெண்கள் பாடும் வாழ்த்துப் பாட்டை நான் பாடி அனுப்பவேண்டும் என்று லாத்தா கேட்டிருக்கிறாள். மண்டபத்தில் ஸ்பீக்கரில் போடுவார்களாம்.

"நேர்ல வந்தாலும் நீ பாட மாட்டே. அங்கேர்ந்தாவது பாடு புள்ள" என்றாள்.

உண்மைதான். ஆள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். ஏழு வயதில் இந்த ஊருக்கு வந்தவள். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் வியட்நாமிய ஏற்ற இறக்கம் எனக்குத் தப்பும். பின் பெஞ்சில் ஒருத்தி அதை அப்படியே திருப்பிச் சொல்வாள். வகுப்பே சிரிக்கும். கடைசி மாதங்களில் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. பிறகு போகவேயில்லை.

ஆனால் தனியாக இருந்தால் பாடுவேன். நன்றாகவே பாடுவேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 13

வீடியோ வீடியோவாகப் பார்த்தாயிற்று. மைக்கில் இரண்டு வகை. கண்டென்சர் மெல்லிய மூச்சைக்கூடப் பிடிக்கும், ஆனால் அறை அமைதியாக இருக்கவேண்டும். டைனமிக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் எடுக்கும், தள்ளி நடப்பதைக் கண்டுகொள்ளாது. சத்தமான வீட்டுக்கு டைனமிக்தான் சரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்கிற எல்லாரும் கண்டென்சர் முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறார்கள்.

என் குரல் சின்னது. டைனமிக் அதை எடுக்குமா?

ஜூன் 16, ஞாயிறு

உம்மாவும் நானும் பஸ் ஏறி பத்தாம் வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போனோம்.

பஸ்ஸில் உம்மாவோடு போனால் நான் வேறு பெண். "நம்ம பாஷைக்கு இங்க காது கெடையாது" என்பாள் உம்மா. கடையிலும் அப்படித்தான். வாடிக்கையாளர் மூக்கு முதல் செருப்பு வரை எல்லாவற்றையும் பற்றி அவர்கள் முகத்துக்கு நேரே தமிழில் பேசிக்கொள்வோம். மலேசியாக்காரர்கள் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வோம், அவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் உண்டு. இன்று எதிர் இருக்கையில் ஒருவர் வாயைத் திறந்து தூங்கினார். "உள்நாக்கக் காயப் போட்டிருக்காரு உம்மா" என்றேன். உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளை அப்படிச் சிரிக்கவைப்பது நான் ஒருத்திதான்.

கடைக்கார அக்கா, எங்கே வைத்துப் பாடப்போகிறாய், சுற்றி என்ன சத்தம் என்று பொறுமையாகக் கேட்டாள். எனக்குத் தலையாட்டத்தான் வந்தது. அவள் ஒரு டைனமிக் மைக்கை எடுத்து வைத்தாள். நான் அலமாரியிலிருந்த கண்டென்சரைக் கையால் காட்டினேன். தங்க நிற வலை, பாடகிகள் முன்னால் தொங்குமே, அது. அது எல்லாவற்றையும் கேட்கும், யோசித்துக்கொள் என்றாள். நான் மறுபடி அதையே காட்டினேன்.

அவள் பில் போடும்போது உம்மாவிடம், "புருவத்த ஸ்கெட்ச் பேனால போட்டுட்டு அழிக்க மறந்துட்டா" என்றேன். உம்மா சிரித்தாள். அந்த அக்காவும் கூடச் சிரித்து, மைக்குக்கு ஒரு பஞ்சு உறை சும்மாவே போட்டுக் கொடுத்தாள்.

ஜூன் 18

மைக், ஸ்டாண்ட், கேபிள், மைக்கைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி எல்லாம் மாட்டியும் சத்தமே வரவில்லை. கெட்டுப்போனதை வாங்கிவிட்டேன், திரும்பப் போய் எந்த வாயால் கேட்பேன் என்று அழுதேன். 48V என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கண்டென்சருக்கு அதை அமுக்கினால்தான் உயிர் வரும். அமுக்கியதும் ஹெட்போனில் நான் அழுவது கேட்டது.

ஜூன் 20

இடம் கிடைத்துவிட்டது. மேல்மாடியில் வாப்பா கடைச் சரக்கை அடுக்கிவைக்கிற அறை. நான்கு சுவருக்கும் துணி உருளைகள், மேலே வரைக்கும். நடுவில் நின்று கையைத் தட்டினேன். சத்தம் கையைவிட்டுப் போகவேயில்லை. சந்து கேட்கவில்லை, கரோக்கே கேட்கவில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையலறை. உம்மா வெங்காயம் நறுக்குவது மட்டும் கேட்கிறது. பாடும்போது கொஞ்சம் நிறுத்தச் சொன்னால் போதும்.

ஜூன் 24

பாடிவிட்டேன்!

மழை வருவதற்கு முன், காலையில். கண்ணை மூடிக்கொண்டு நஜ்மு லாத்தாவை மட்டும் நினைத்தேன். பாட்டில் அவள் பெயரும் மாப்பிள்ளை பக்கீர் மைதீன் பெயரும் வருகிற இடத்தில் குரல் நடுங்கவில்லை. கடைசி வரி முடிந்ததும் உம்மா தடுப்புக்குப் பின்னாலிருந்து முடிந்ததா என்றாள். மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பாவம் அவர், நிச்சயத்தன்று வீடியோ காலில் ஸலாம் சொல்லவே அவ்வளவு நேரம் திக்கினார். அன்று நாங்கள் காமிராவை அணைத்துவிட்டு, அடக்கமுடியாமல் சிரித்தோம்.

ஜூன் 25

பதிவைச் சுத்தம் செய்தேன். பாட்டுக்கு முன்னால் இருக்கிற வெறும் அறையின் சத்தத்தை மென்பொருளுக்குக் காட்டினால், அதே இரைச்சலை முழுப் பாட்டிலிருந்தும் கழித்துவிடுகிறது. பிறகு கம்ப்ரெசர். மெல்லிய இடங்களைத் தூக்கிக் கொடுக்கும். எனக்கு அது ரொம்பத் தேவை, நிறையவே போட்டேன்.

கேட்டுப் பார்த்தேன். நல்ல குரல். அதனாலேயே கூசியது. கடைசி அடி வரும்போது ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அனுப்பியாயிற்று.

லாத்தா அழுகிற முகம் பத்து போட்டிருக்கிறாள். கல்யாணப் பெண்ணுக்கு முதல் அடிக்கு மேல் கேட்க நேரமில்லையாம், அன்று மண்டபத்தில் எல்லாரோடும் சேர்ந்து முழுசாகக் கேட்பாளாம்.

ஜூலை 12, வெள்ளி

எழுத முடியவில்லை.

ஜூலை 13

எழுதித்தான் ஆகவேண்டும். யாரிடம் சொல்வேன்?

நேற்று மண்டபத்தை வீடியோ காலில் காட்டினார்கள். லாத்தா கையை விரித்து உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் உம்மா, தங்கைகள். பாட்டுப் போட்டார்கள். உம்மாவும் வாப்பாவும் எனக்கு இரண்டு பக்கமும். வாப்பா என் தலையில் கை வைத்திருந்தார். பாட்டு முடிந்து குலவை போட்டார்கள். யாரும் நிறுத்தவில்லை. ஸ்பீக்கரில் கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போதும் புரியவில்லை.

"முடிஞ்சிச்சா புள்ள?" உம்மா குரல்.

"பாட்டு முடிஞ்சிரிச்சு. மாப்ள நிக்காஹ்ல க... க... கபூல் சொல்லி முடிக்கத்தான் ஹஜ்ஜுப் பெருநா வந்துரும்."

பாட்டு எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தம். கம்ப்ரெசர் தூக்கிக் கொடுத்திருந்தது. பின்னாலேயே உம்மா சிரிப்பு. மண்டபத்தில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் உம்மா எழுந்திருப்பது தெரிந்தது. அப்புறம் போன் கூரையைக் காட்டியது. அப்புறம் ஒன்றுமில்லை.

வாப்பா கையை எடுத்துவிட்டார்.

இது நேற்று. இன்று காலையில் நடந்தது அதைவிட மோசம். சாச்சி கூப்பிட்டாள். போனை எடுத்ததுமே உம்மா, "நாந்தான் சொன்னேன். சாலி சின்ன புள்ள, அவளுக்கு என்னா தெரியும்" என்றாள். எங்கள் குரல் ஒன்றுபோல இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைச் சாச்சியிடம் சொல்லும்போது உம்மா என்னைப் பார்த்தாள். போன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் துணி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கேயும் கேட்டது. சாச்சி என்ன சொன்னாளோ, உம்மா ஆமாம், ஆமாம், என் நாக்குதான், என்றுகொண்டேயிருந்தாள்.

பின் பெஞ்சுக்காரி என்னைச் செய்ததைத்தானே நான் அவரைச் செய்தேன். அவளாவது நான் இருக்கும்போது செய்தாள்.

ஜூலை 14

நிக்காஹ் நடந்துவிட்டதாம். எங்களுக்கு யாரும் காட்டவில்லை. வாப்பா கடை திறக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 17

நஜ்மு லாத்தாவிடமிருந்து குரல் செய்தி. பலமுறை கேட்டதில் மனப்பாடமாகிவிட்டது.

"அது பெரியம்மா சொன்னதில்லேன்னு எனக்குத் தெரியும். ஒன் கொரலு எனக்குத் தெரியாதா சாலி? அவரு கபூல் சொல்லையில ரெண்டு எடத்துல நின்னுச்சு. எப்பவும் நிக்கிறதுதான். பொம்பளைங்க பக்கம் சிரிச்சாங்க. நீ சொல்லிக் குடுக்காட்டி சிரிச்சிருக்க மாட்டாங்க. அவருக்குக் கேட்டுச்சு. இப்ப மன்னிப்பு கின்னிப்புன்னு ரெக்கார்டு பண்ணி அனுப்பாத. பேசறதுன்னா அவர்ட்ட பேசு."

கடைசியில் அவர் நம்பர்.

ஜூலை 18

அப்படியும் ரெக்கார்டு செய்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? மைக் முன்னால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மூக்கை உறிஞ்சிய இடத்தை வெட்டினேன், நடுவில் நின்ற இடங்களை வெட்டினேன், மூச்சை வெட்டினேன். கேட்டால் விமான நிலையத்தில் அறிவிக்கிற பெண் மாதிரி இருக்கிறது. அழித்துவிட்டேன்.

48V பொத்தானை அணைத்து, மைக்கைப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஜூலை 19

கடைக்கு ஒரு கிழவர் வந்தார். தலையில் இரண்டு தொப்பி, ஒன்றின் மேல் ஒன்று. உம்மா பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

உம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் உம்மாவிடம், இன்றைக்கு அவரிடம் பேசப்போகிறேன், நான்தான் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன் என்றேன். வேண்டாம், ஆறிவருகிறதைக் கிளறாதே என்றாள். பிறகு வாப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோனாள். இரண்டு பேரும் கீழே போய்விட்டார்கள், எனக்காகத்தான்.

துணி அறையில் உட்கார்ந்து கூப்பிட்டேன். எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டார்.

"யா... யாரு?"

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வகுப்பில் நிற்கிற அதே உணர்வு. என் பெயரைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான், அதுகூட வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்திருப்பார்கள். அவர் கத்தவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி கிரீச்சிட்டுச் சுற்றியது. ஒரு காகம் கத்தியது. நம்பரைப் பார்த்திருப்பார், வியட்நாம் நம்பர். தெரிந்திருக்கும்.

"சா... சாலிஹாவா?"

உம் என்றேனா, அழுதேனா, தெரியவில்லை.

"மெ... மெதுவாச் சொல்லு. நா வ... வச்சிர மாட்டேன்."

வைக்கவில்லை. நான் சொல்லிமுடிக்கிற வரைக்கும் இருந்தார். எவ்வளவு திக்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். உம்மா இல்லை, நான், அந்தக் கேலியும் நான், அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினதும் நான். எதையும் வெட்ட முடியவில்லை.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. வலித்தது என்றார். தன் உம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றார். அப்புறம், என் சாச்சியிடம் தானே சொல்லிவிடுவதாகவும், என் உம்மா மேல் பழி வேண்டாம் என்றும் சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆனது. நானும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள்.

தொழுகை முடிந்து வாப்பா வந்ததும் காரைக்காலிலிருந்து வீடியோ கால். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. சாச்சா வாப்பாவோடு பேசினார். சாச்சி உம்மாவிடம் சுகமா என்று மட்டும் கேட்டாள், முகத்தில் சிரிப்பில்லை. நஜ்மு லாத்தா போனைத் தன் பக்கம் வாங்கி, பக்கீர் மைதீன் மச்சானிடம் கொடுத்தாள்.

அவர் ஸலாம் சொல்லத் தொடங்கினார். முதல் எழுத்திலேயே நின்றது. கண்ணை இறுக்கி மூடினார். உம்மாவின் கை தேடிவந்து என் கையைப் பிடித்தது. காமிராவை அணைக்கிற பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

எல்லார் முன்னாலும் நான்தான் பதில் ஸலாம் சொன்னேன். "ச... சத்தம் பத்தல" என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.