முன்னாலேயே நின்ற இறக்கை

அன்பு மகள் மாய்கேவுக்கு, கிரைன் சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சாப்பிடுகிறார், தூங்குகிறார், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நன்றாயிருக்க வேண்டும். அப்பாவை அடக்கம் செய்த அன்று நம் காற்றாலை அவருக்குத் துக்கம் காத்ததா என்று போனில் அழுதாயே, அம்மா அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார், நான்தான் எழுத வேண்டும்.

அன்று காலையிலேயே காற்றாலைக்குப் போய்விட்டேன். இப்போது அதைப் பார்த்துக்கொள்ளும் யிக்கே, "காத்து கடுமையா இருக்கு பெரியவரே, நானே நிறுத்துறேன்" என்றாள், விடுவேனா, உன் தாத்தா ஓட்டிய ஆலை. இறக்கைகள் மாட்டிய அதன் தலையை ஊர்வலம் வரும் பக்கமாக ஒற்றை ஆளாய்த் திருப்பினேன், ஆறு குதிரை இழுக்கிற பாரம், அதைப் பார்த்துக் கடலில் போன கப்பல்காரன் தொப்பியைக் கழற்றினானாம். சுற்றி இறங்கும் இறக்கை தரையைத் தொடப்போகும் அடிப்புள்ளியைத் தாண்டி நின்றால் துக்கம், தாண்டுமுன் நின்றால் கொண்டாட்டம், நம் ஊர்க் கன்றுக்குட்டிக்கும் இது தெரியும். கடலணைமேல் அண்ணனின் சவப்பெட்டி தெரிந்ததும் பிரேக் கயிற்றை விட்டேன், விட்டால்தானே பிரேக் விழுந்து இறக்கை நிற்கும், அந்த நேரம் பார்த்து வடகடல் மணல் முழுவதும் என் இரண்டு கண்ணிலும் வந்து விழுந்தது. இறக்கை தாண்டவில்லை மாய்கே, முன்னாலேயே நின்றுவிட்டது.

ஊர்வலம் அப்படியே நின்றது. இழவு வீட்டிலும் வாய் அடங்காத பக்கத்து வீட்டு பீட்டர்நெல் உன் அம்மாவின் கையைப் பிடித்து, "ஏன்டி, பேரப்புள்ள பொறந்தாச்சா? ஊருக்கே குடுக்கணுமே, சோம்பு மிட்டாய் போட்ட ரஸ்க் எங்கடி?" என்றாள். இறக்கையைத் தாண்டவிட யிக்கே ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா கையைத் தூக்கி, "தொடாதீங்க. அது கீழ வந்து தாண்டிட்டா அவர் போயிட்டாருன்னு ஆயிடும்" என்றார். ஒருவரும் தொடவில்லை. உன் அப்பா கொண்டாட்ட இறக்கையின் கீழேதான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவே கோட்டை மாட்டிக்கொண்டு, "வாங்க தம்பி, காத்தாலையப் பாத்துட்டு வருவோம்" என்றார். இறக்கை நுனியில் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றார். யிக்கே பிரேக்கைத் தளர்த்தினாள். நான் உதவப் போனேன், "நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்றார், இருந்தேன், என் ஆயுளில் முதல் முறையாக. அவரே தள்ளினார். கொஞ்ச தூரம்தான், ஆனால் அதைத் தள்ளி முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. இப்போது காற்றாலை துக்கம் காக்கிறது, நீ கேட்டது நடந்துவிட்டது, அழாதே.

கனமான வாளி தூக்காதே, ஈரத் தரையில் நடக்காதே. பிள்ளை பிறந்ததும் முதல் போன் எனக்கு, ஐந்து கிலோ ஆண் பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், பெண்ணானால் ஆறு கிலோ என்று மாற்றிக்கொள்கிறேன். தாண்டிய இறக்கையைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது, உன் பிள்ளைக்குக் கொண்டாட்டம் காட்ட அடுத்த இறக்கைதான் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அம்மா தினமும் ஜன்னலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று கயிற்றை யிக்கேவே பிடிக்கட்டும். ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் தம்பி, கிரைன்