எலுமிச்சை சாதத்துக்காகத் திரும்பி வந்தவள்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
ஜூலை, ஞாயிறு காலை

எழில் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி மகிழனும் சுகம். அந்த உயரத்தில் நீ சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா, காபிக்குப் பால்கூட வைக்காமல் ஒரு ஜோடி கனத்த ஷூவை மாட்டிக்கொண்டு பேஸ்மென்ட் படியில் ஏறி இறங்கியது. சத்தம் கேட்டு அப்பா மேலேயிருந்து, "என்ன வசந்தா, வாஷிங் மெஷின் குதிக்குதா?" என்றார். ஆமாங்க, துணி கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஷூ எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் மலைக்குடிலில் போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதால் மட்டும் காகிதத்தில் எழுதவில்லை. போனில் நான் வாயைத் திறந்தால் பாதியிலேயே "ஐ நோ அம்மா, ஐ நோ" என்கிறாய். காகிதத்தை அப்படி நிறுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் படித்ததெல்லாம் மறந்திருந்தால் வாய்விட்டுப் படி, காதில் விழுந்தால் புரிந்துவிடும்.

வீட்டுச் செய்திகள். மகிழனுக்கு டிரைவிங் பர்மிட் வந்துவிட்டது, ரூட் பதினெட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போய்விட்டு வந்த அன்று அப்பா இரவு சாப்பாடே வேண்டாம் என்று படுத்துவிட்டார். தக்காளிச் செடியை மான் தின்றுவிட்டது. எங்கள் லேபில் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது, அதைப் பழகச் சொல்லி என்னைத்தான் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு நாகமணி ஆன்ட்டி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். "பொண்ணு மாஸ்டர்ஸ் படிக்கப் போனாளா, மாடு மேய்க்கப் போனாளா?" என்றும் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியபிறகு, மாடு மேய்த்தால் என்ன இப்போது என்று அவருக்குப் பதில் சொன்னேன், சமையலறையில், தனியாக.

இந்தக் கடிதமே அப்பா எழுதச் சொன்னது என்பதை மறைக்கவில்லை. ஆஸ்திரியாவில், இன்ஸ்ப்ருக்கில் ஒரு வருடப் படிப்பு முடிந்தது, கோடையில் கொஞ்ச நாள் குடிலில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்றாய், சரி என்றோம். இங்கே பார்சிப்பனியில் வேலை உறுதியாகி, செப்டம்பர் முதல் வாரம் லேபர் டே முடிந்ததும் சேரவேண்டும் என்று கடிதமும் வந்தாயிற்று. இந்த நேரத்தில் போன வாரம் போன் செய்து, செப்டம்பர் கடைசியில் மாடுகள் மலையிலிருந்து இறங்கும் விழா வரைக்கும் இருக்கட்டுமா என்று கேட்டாய். அப்பா அன்றிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். "நான் சொன்னா ஆர்டர் போடற மாதிரி இருக்கும் வசந்தா, நீ எழுதிப் போடு, நீ சொன்னா கேப்பா. மாடு இறங்கின பொறவு ஜாயின் பண்றேன்னு ஆபீஸ்ல யாராச்சும் சொல்லுவாங்களா?" என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. அதனால் திரும்பி வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வேறொன்று முன்னால் வந்து நின்றுகொண்டது, அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் பொய்யாகிவிடும். எனக்குப் பொறாமை, கண்ணு.

முதலில் அது புர்கி மேல் என்று நினைத்தேன். குடில் நடத்துகிறவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கையில் மாவோடு உன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தை எத்தனை முறை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். இங்கே இருந்தவரைக்கும் ஷூ போட்ட காலோடு ஹாலைக் கடந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் போவாய். அங்கே வாசலிலேயே ஷூவைக் கழற்றி அடுக்கிவிட்டுக் குடிலின் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டுமாம், மறந்து உள்ளே வருகிறவர்களைப் புர்கியோடு சேர்ந்து நீயும் விரட்டுகிறாயாம். இங்கே தோசைக்கல்லைக் கழுவச் சொன்னால் ஹோம்வொர்க் வந்துவிடும், அங்கே முப்பது பேர் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு அதைப் பெருமையாகச் சொல்கிறாய். அவள் திட்டினால் உனக்குச் சிரிப்பு வருகிறது, நான் சொன்னால் அது டாக்சிக். அதுகூடப் பரவாயில்லை. நான் வறுத்து அரைத்து அனுப்பிய இட்லிப் பொடி, கீழே கிராமத்திலிருந்து சாமான் ஏற்றும் ரோப் காரில் மாவு மூட்டையோடு உட்கார்ந்து மேலே வந்ததென்று எழுதினாய், படித்துக் குளிர்ந்துபோனேன். அடுத்த வரியிலேயே, பழைய ரொட்டியில் செய்த உருண்டையைப் புர்கி வில்லை போட்டு வெண்ணெயில் வதக்கி, அந்தப் பொடியைத் தூவிக் கொடுத்தாள், இட்லியைவிட இதற்குத்தான் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டாய். எழில், அதைப் படித்த பிறகு ஒரு வாரம் நான் மாவு ஆட்டவில்லை. அப்பா ஏன் என்று கேட்டதற்கு கிரைண்டர் சரியில்லை என்றேன். கிரைண்டருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் நேற்று படுத்துக்கொண்டு யோசித்தபோது, புர்கி எனக்குச் செய்த தப்பு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. நீ வெளியே போனால் உனக்குச் சோறு போட ஒருத்தி இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்தானே. அப்படியானால் எங்கே குத்துகிறது என்று பார்த்தால், போனில் நீ சொன்ன ஒரு வாக்கியத்தில். "அம்மா, நீங்கல்லாம் ஆல்ப்ஸைப் பார்க்கிங் லாட்ல இருந்துதானே பாத்தீங்க" என்றாய். விளையாட்டாகச் சொன்னாய், நானும் சிரித்தேன். உண்மைதான். பத்து நாளில் ஐரோப்பா, நாகமணி ஆன்ட்டியோடு சேர்த்து பஸ் நிறைய நம் ஆட்கள், கூடவே வரும் சமையல்காரர், வின்ச்சில் ஏறிப் பனியில் நின்று ஒரு குரூப் போட்டோ, இறங்கியதும் சாப்பாடு. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பஸ்ஸைவிட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து உள்ளேயே தூங்கினாய், அதனால் அன்று நடந்தது உனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

பஸ் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்து போயிற்று. கால் நீட்டிக்கொள்ளலாம் என்று அதில் நடந்தேன். விறகைக் கூரை வரைக்கும் அத்தனை அழகாக அடுக்கியிருந்தார்கள், ஒரு வேலிக்குச்சியில் இரண்டு பூட்ஸைத் தலைகீழாகக் காயப் போட்டிருந்தார்கள். மரவீடு ஒன்றின் கதவு திறந்திருந்தது. உள்ளே வைக்கோல் வாசனையும் ரொட்டி வாசனையும் கலந்து வந்தன. வயதான ஒருத்தி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து ஏதோ சொல்லி, வா என்று கையைக் காட்டினாள். சேலை கட்டி, மேலே அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற என்னை, யார் எவர் என்று கேட்காமல் வா என்றாள். நான் ஒரு காலை வாசற்படியில் வைத்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து நாகமணி ஆன்ட்டி, "வசந்தா, எங்கெ போய்ட்டீங்க? எலுமிச்சை சாதம் தீரப்போகுது, உங்க வீட்டுக்காரரு தேடறாரு!" என்று கத்தினார். நான் அந்தக் கிழவியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்து, பஸ் நிழலில் நின்று பேப்பர் தட்டில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, சும்மா கூப்பிட்டார்கள், நான் வந்துவிட்டேன். ஆல்ப்ஸ் எப்படி இருந்தது என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் பனியைப் பற்றித்தான் சொன்னேன்.

நீ அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறாய், கண்ணு. கல்யாண மண்டபத்தில் படுப்பதுபோல வரிசையாக மெத்தை போட்ட அறையையும், இரவில் கேட்கும் மாட்டுமணியையும், மாட்டுக்குக் கட்டும் பூக்கிரீடத்தில் ஒன்றை உன்னைக் கட்டச் சொல்லியிருப்பதையும், அந்தக் கோடையில் ஒரு மாடு செத்திருந்தால்கூட மற்ற எதற்கும் பூ வைக்கமாட்டார்கள் என்பதையும் நீ சொல்லச் சொல்ல, இதையெல்லாம் பார்க்கவேண்டியவள் நானல்லவா என்று வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து அப்படி எரியலாமா என்று தெரியவில்லை. எரிந்தது. அதனால்தான் திரும்பி வா என்று என்னால் எழுத முடியவில்லை. எழுதினால் அது உன் நல்லதுக்காக எழுதியதா, நீயும் பஸ் நிழலுக்கு வந்து எலுமிச்சை சாதம் சாப்பிடவேண்டும் என்று எழுதியதா என்பதை என்னாலேயே சொல்ல முடியாது. அப்பா சொன்னதை மேலே எழுதிவிட்டேன், அது அவர் சொன்னது. பார்சிப்பனிக்காரர்களை நீயே கூப்பிட்டு அக்டோபரில் சேரலாமா என்று கேள். மாடு என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும் மாடு என்றே சொல். முடியாது என்றால் அப்புறம் யோசித்து முடிவு செய். புர்கி பாவம் என்று இருந்துவிடாதே, அப்பா பாவம் என்று ஓடியும் வராதே. நீ எது செய்தாலும் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது ஷூ. செப்டம்பரில் நான் வருகிறேன். பதறாதே, உன்னிடம் அல்ல, உன்னைக் கூட்டிப்போகவும் அல்ல. உன் குடில் உன்னுடையது, அங்கே வந்தால் முதல் நாளே அடுப்படியில் புர்கிக்கு ரசம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உன் மலைக்கு அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு சின்ன கிராமம், அதற்கு மேலே வின்ச் இல்லாத, நடந்து மட்டுமே போகிற ஒரு குடில், அதற்குத்தான் ஷூவைப் போட்டுக் காலைப் பழக்குகிறேன். அதில் ஒரு வாரத்துக்கு ஒரு படுக்கை கேட்டு மெயில் அனுப்பினேன். எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் என்று எழுதிவிட்டு அந்த வார்த்தையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் தனியாகப் போன இடம் ஜூரி டியூட்டிக்குக் கோர்ட்டு மட்டும்தான். படுக்கை இருக்கிறது, விரிப்பு கொண்டுவரவும் என்று இரண்டே வரியில் பதில் வந்துவிட்டது, வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்கவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, லேபில் லீவு கேட்கவில்லை, நாகமணி ஆன்ட்டிக்குத் தெரிந்தால் குரூப் சேர்த்துவிடுவார். உனக்கு மட்டும் இந்தக் காகிதத்தில் தெரியும். நான் சொல்லும்வரை நீயும் வாயைத் திறக்காதே. அப்போதும் நீ அங்கேயே இருந்தால் ஒரு நாள் இறங்கி ஏறி என்னைப் பார்க்க வா, வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வா. நான் எடுத்த படங்களைக் காட்டுகிறேன், உனக்கும் கொஞ்சம் பொறாமையாக இருக்கட்டும்.

ஈர சாக்ஸோடு தூங்காதே, இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, தனியாகப் பாறைப் பக்கம் போகாதே. உன் பக்கத்து மாடு அத்தனையும் சுகமாக இருந்து, எல்லாமே பூ வைத்துக்கொண்டு இறங்கட்டும். சென்னிமலை முருகன் உன் கூடவே இருப்பான்.

உன் அம்மா,
வசந்தாமணி