தூங்கிக்கொண்டு போன ரயில்

என்னங்க,

நான் நலம். நீங்கள் பட்டாளத்தில் இருந்தபோது நான் எழுதிய எல்லாக் கடிதங்களிலும் அடுத்த வரி 'நலமறிய ஆவல்'. நீங்கள் போன பிறகு அதை எழுதக் கை வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மகளும் நானும் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விழுப்புரத்துக்கு ரயிலில் திரும்பினோம். கல்யாணச் சாப்பாடு, மத்தியான வெயில், ரயில் ஆட்டம். பெட்டியில் எல்லாத் தலையும் சாய்ந்துவிட்டது. நான் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தேன். "கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கினு வரக்கூடாதாம்மா? எப்பப் பாரு, ரயில்வே கேட்டு எங்க வருது கேட்டு எங்க வருதுன்னு பாத்துக்கினே வர்ற" என்று மகள் சலித்துக்கொண்டாள். "நீ தூங்குடி" என்றேன். காரணம் சொல்லவில்லை. அது உங்களுக்குத்தான் புரியும்.

நீங்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தபோது எண்பதுகள் தொடங்கியிருந்தன. அதுவரை லீவுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால்தான் நம் கல்யாண வாழ்க்கை. ஒரு லீவில் இதே மகள் அடுப்படிக்கு ஓடிவந்து, "அம்மா, மிலிட்டரி வந்திருக்காரு, தண்ணி கேக்குறாரு" என்று சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற அப்பனைப் பிள்ளை விருந்தாளி என்று நினைக்கிறதே என்று மனம் அடித்துக்கொண்டது.

அதனால்தான் முன்னாள் ராணுவத்தினருக்கான இடத்தில் ரயில்வே வேலை கிடைத்தபோது, என்ன வேலை என்றுகூட நான் கேட்கவில்லை. மயிலத்துக்குப் பக்கத்தில், கரும்பு வயல்களுக்கு நடுவே ஒரு கேட்டு. அதை ஒட்டி ஒரு சின்ன வீடு. எனக்கு அது அரண்மனை. கெடாரிலிருந்து என் பெரியப்பா வந்து, மாப்பிள்ளைக்கு ரயில்வே உத்தியோகம் என்றதும் மெட்ராசுக்கு சீட்டுப் பிடித்துத் தரச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். "சீட்டெல்லாம் நம்ம கையில இல்ல மாமா. கேட்டுதான் இருக்கு. வேணும்னா தொறந்து வுடுறேன்" என்றீர்கள். அவர் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

கேட்டுக்கு வந்தும் உங்கள் பட்டாளம் உங்களை விடவில்லை. பரேடில் நிற்கச் சொல்வதற்கு "தம்!" என்று ஒரு குரல் கொடுப்பீர்களாமே, அதையே கரும்பு வண்டிகளுக்கும் கொடுத்தீர்கள். முதலில் வண்டிக்காரர்கள் மிரண்டார்கள். பிறகு மாடுகளே பழகிவிட்டன. நீங்கள் "தம்!" என்றால் மூக்கணாங்கயிற்றை இழுக்க வேண்டியதில்லை, தானாக நிற்கும். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குப் போகிற காவடிக் கூட்டம்கூட மேளத்தை நிறுத்தி உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்றது. "மிலிட்டரி கேட்டு" என்றுதான் அந்தப் பக்கத்தில் பேர்.

ஆனால் உங்களுக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது என்பது ராஜேந்திரன் வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் ஹவில்தாராக இருந்தபோது உங்களுக்குக் கீழே சிப்பாயாக இருந்தவர், லீவில் வந்திருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். உங்கள் கையில் பச்சைக் கொடி. பதிலுக்கு எந்தக் கையைத் தூக்குவது என்று ஒரு நிமிஷம் தடுமாறினீர்கள்.

"துப்பாக்கி புடிச்ச கையி, சாப். கொடி புடிச்சிக்கினு நிக்கிறீங்களே, எனக்கே பேஜாரா இருக்கு" என்றார் அவர். "ரிடையரானவங்கள மிலிட்டரி டிப்போ காவலுக்குத் திரும்ப எடுக்குறாங்க. அதே யூனிஃபார்ம், அதே மரியாத. வந்துடுங்க." போகும்போது இன்னொன்றும் சொன்னார். அடுத்த வாரம் உங்கள் பட்டாலியன் மிலிட்டரி ஸ்பெஷல் ரயிலில் தெற்கே போகிறது, இதே தண்டவாளத்தில், பட்டப்பகலில். லீவு முடிந்து அவரும் மெட்ராசில் அதில்தான் ஏறுகிறாராம்.

அன்று சாயங்காலம் நீங்கள் கேப்பைக் களியைப் பிசைந்தபடியே இருந்தீர்கள், வாய்க்குப் போகவில்லை. "திரும்பப் போயிடலாமான்னு பாக்குறேன்" என்றீர்கள்.

"போங்க. புள்ளைங்களுக்கு மறுபடியும் மிலிட்டரி வந்திருக்காருன்னு சொல்லக் கத்துக் குடுக்குறேன்" என்றேன்.

நீங்கள் தட்டைத் தள்ளி வைத்தீர்கள். "ஸ்பெஷல் வர்ற அன்னைக்கு மட்டும் டூட்டிய மாத்திக்கலாம்" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்கு ஒளியணும்? திருடினீங்களா? போறதுன்னா அப்புறமா போங்க. அன்னைக்கு நீங்கதான் அந்தக் கேட்டுல நிக்கணும். பாக்கட்டும் உங்க பட்டாலியன்."

உங்கள் கேட்மேன் நீலச் சட்டைக்கு நான் போட்ட இஸ்திரியை நம் கல்யாண வேட்டிக்குக்கூட யாரும் போட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் பூட்ஸைத் துடைத்தீர்கள், விசிலைத் துடைத்தீர்கள், கேட்டுக் கைப்பிடியையும் விடவில்லை. மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. கைப்பிடியைச் சுற்றி கேட்டை இறக்கினீர்கள். "தம்!" என்றீர்கள், வண்டி மாடுகள் நின்றன. குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, கொடியை நீட்டி நின்றீர்கள். நானும் பிள்ளைகளும் வேப்பமரத்தடியில் நின்றோம். ரயில் வந்தது.

வந்தது, போனது. ஜன்னலுக்கு ஜன்னல் கால்கள்தான் தெரிந்தன. காயப்போட்ட பனியன்கள், வாயைப் பிளந்தபடி ஒருவன், கம்பியில் கன்னத்தை அழுத்தியபடி ஒருவன். அத்தனை பேரும் தூக்கம். ராஜேந்திரன் எந்தப் பெட்டியில் குறட்டை விட்டாரோ தெரியாது. கடைசிப் பெட்டியில் கார்டு மட்டும் வழக்கம்போலப் பச்சைக் கொடி காட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒருத்தன்கூடப் பாக்கலியே! இதுக்கா அவ்ளோ இஸ்திரி போட்டேன்?" என்று கத்தினேன்.

நீங்கள் கேட்டை ஏற்றி வண்டிகளை அனுப்பினீர்கள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தீர்கள். பிறகு அடங்கின குரலில் சொன்னீர்கள்: "அன்னைக்கு பட்டாளத்துல காவல் நின்னப்ப ஊரே தூங்குச்சி, நான் முழிச்சிக்கினு இருந்தேன். இன்னைக்கு பட்டாளமே தூங்குது, நான் முழிச்சிக்கினு இருக்கேன். இன்னாடி மாறிப்போச்சி? சட்ட கலருதான்."

டிப்போ காவல் பேச்சு அதோடு போயிற்று. நானும் கேட்கவில்லை. கேட்டு வேலையிலேயே தலை நரைத்து ரிடையரானீர்கள். மகள் அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் அப்பா யார் என்று கேட்டால் "கேட்மேன்" என்று சத்தமாகச் சொல்லுவாள். ஹவில்தார் பெண்டாட்டி என்று என்னை யாராவது சொன்னால், "கேட்மேன் பெண்டாட்டியும்தான்" என்று சேர்த்துச் சொல்லிவிடுவேன். எனக்கு இரண்டும் பெருமைதான். இரண்டாவதில் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அதில் நீங்கள் என் கண்ணெதிரே இருந்தீர்கள்.

நம் கேட்டு இப்போது இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் வழி வெட்டிவிட்டார்கள், மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறதாம். நம் வேப்பமரம் மட்டும் இருக்கிறது. நேற்று அதையும் தாண்டி ரயில் போனது. அடுத்த கேட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் டிராக்டர்கள், பைக்குகள். அவள் கொடியை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பெட்டியிலும் தூக்கம். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினேன். அவள் திகைத்தாள். பிறகு சிரித்து, கொடி இல்லாத கையைத் தூக்கினாள்.

அன்று உங்களை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இந்த லைனில் கொடி பிடித்து நிற்கிற யாரையும் நான் பார்க்காமல் போனதில்லை.