ஹவுளடியில் மறந்த பை

செவ்வாய்க்கிழமை. இரவு, இஷா தொழுகைக்குப் பிறகு.

தொலைக்காட்சித் தொடரில் வரும் விண்வெளித் துப்பாக்கியைப் போல, வீட்டுக்குத் தெரியாமல் பி.வி.சி. குழாயில் ஒன்று செய்திருந்தேன். கூட்டாளியிடம் காட்ட இன்று எடுத்துப் போனேன். வழியில் மாலை அஸர் தொழப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தவன், பையை, கைகால் கழுவும் தொட்டியான ஹவுளடியில் மறந்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பி ஓடினால் வீதி நிறையச் சனம்.

"உள்ளுக்க போகாதீங்க தம்பி! பையொண்டு கிடக்கு. உள்ள வயரும் குழாயும், சிவப்பு லைட்டும் மின்னுது. பொலிஸுக்குச் சொல்லியாச்சு," என்றார் பாங்கு சொல்லும் மோதினார்.

கூட்டத்தோடு நானும் பின்வாங்கினேன். பையைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது.

"அல்லாஹ்தான் காப்பாத்தினான். எவன் கொண்டு வெச்சானோ," என்கிறாள் மனைவி.

"ஓம், அப்படித்தான்," என்றேன்.

அது மகளின் பழைய பள்ளிக்கூடப் பை. உள்மடிப்பில் மகளின் முழுப்பெயரை மனைவிதான் சிவப்பு நூலால் தைத்தாள்.