போன வருடத்துத் தலையளவு

விக்கா கண்ணு,

பள்ளி விட்டு அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் நீ இங்கே வரும்போது நான் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பேன். உன் மாறுவேட ஹெல்மெட் சமையலறை மேசையில் இருக்கிறது. வெள்ளிப் பெயிண்ட் அதற்குள் காய்ந்துவிடும். காதுப்பக்கம் மட்டும் தொட்டுப் பார்த்துத் தூக்கு.

ஒரு தப்பு செய்துவிட்டேன். நீ அம்மா வீட்டில் இருந்த வாரம் என்பதால், இங்கே கொக்கியில் தொங்கும் உன் கம்பளித் தொப்பியை வைத்து அளவெடுத்தேன். பெயிண்ட் அடித்த பிறகுதான் அது போன வருடத்துத் தொப்பி என்று உறைத்தது. பின்பக்கம் வெட்டி எலாஸ்டிக் தைத்திருக்கிறேன். அப்படியும் இறுக்கினால் அம்மாவிடம் சொல், இன்னும் கொஞ்சம் வெட்டித் தருவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாறுவேடத் திருவிழாவில் நீங்களெல்லாம் மிட்டாய்ப் பீப்பாயை அடித்து உடைப்பதைப் பார்க்க நான் வரவில்லை. “அது அம்மா வாரம்ப்பா. போன வருஷம் நீ கத்தின கத்துல என் மானமே போச்சு” என்றாயே, சரிதான். ஆனால் ஓங்கி அடி. உன் அடியில் மிட்டாய் கொட்டினால் பூனை ராணிப் பட்டம் உனக்குத்தான்.

பிரிட்ஜில் கிரீம் பன் இரண்டு இருக்கிறது. ஒன்று அம்மாவுக்கு, நான் வாங்கியதென்று சொல்லாதே.

அப்பா

பி.கு.: பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலுள்ள தபால் துளைவழியே உள்ளே போட்டுவிடு.

இன்னொன்று. ஹெல்மெட் இருக்கிறதே, வழியில் காது குளிராது. நீ இப்போது போட்டிருக்கும் தொப்பியை இங்கே மறந்து வைத்துவிட்டுப் போயேன்.