ஒற்றையடிப் பாதைக்குப் பன்னிரண்டு

மார்ச் 4, சனி

ஆட்டத்தில் வரும் காட்டுக்கு விதிகளை எழுதி முடித்தேன். வண்டித்தடம் என்றால் எட்டு. ஒற்றையடிப் பாதைக்குப் பன்னிரண்டு. தடமே இல்லாத காட்டுக்குப் பதினாறு. இருபது பக்கப் பகடையில் அதற்குக் குறையாமல் விழுந்தால் ஒரு நாள் தூரம் முன்னே. விழாவிட்டால் வழி தவறி ஒரு நாள் தூரம் பின்னே. கூட வரும் ஒவ்வொருவருக்கும் அந்த எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும், ஆள் கூடினால் நடை மெதுவாகும் என்பதால்.

இன்று மதியம் விளையாடும் மூவரும் காட்டுக்குள் நுழைந்தார்கள். ஒற்றையடிப் பாதை. காட்டுக்கு அப்பால் கோட்டை. கோட்டையோடு கதை முடிகிறது. ஐந்து வருடக் கதை.

மூவரில் ஒருத்தியாக அவளும் வந்திருந்தாள். எங்களுக்கு விவாகரத்து ஆனபின் இது மூன்றாவது சனிக்கிழமை. கதை முடிகிற வரைக்கும் வருவதாக, கூட விளையாடும் கம்பவுண்டரிடம் சொல்லியிருக்கிறாள். நியாயம்தான்.

மார்ச் 7, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முன் மேசையில் உட்காரும் பெண் வந்து, "சனிக்கிழமை ஆனா மத்தியானமே ஓடிடுறீங்க, அப்படி என்ன சார் விளையாடுறீங்க? சீட்டா?" என்றாள்.

நான் கதை சொல்வேன், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம் என்றேன்.

"ஜெயிக்கிறது யாரு?"

"யாரும் இல்ல."

"அப்ப எப்பதான் சார் முடியும்?"

லென்ஸைக் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 11, சனி

நான்கு முறை உருட்டினார்கள். இரண்டு முன்னே, இரண்டு பின்னே. போன வாரம் விட்ட இடத்திலேயே நிற்கிறார்கள்.

மருந்துக் கடையின் மாடியில்தான் ஆட்டம். கடைக்காரரை எல்லோரும் கம்பவுண்டர் என்றே கூப்பிடுகிறோம். கீழே நாள் முழுக்க மருந்து கொடுக்கும் மனிதர், மாடிக்கு வந்தால் வாள்வீரன். காயம் பட்டால் மருந்து வேண்டாம் என்று அடம்பிடிப்பார். இன்று பொறுக்க முடியாமல், "தம்பி, ஒரு ஓநாயாவது விடுப்பா. மரத்தையா வெட்டுறது?" என்றார்.

அவள் வழிகாட்டி. முடியை வெட்டியிருக்கிறாள். இதை எதற்கு எழுதுகிறேன்?

மார்ச் 18, சனி

மழை விதி சேர்த்தேன். மண் ஈரமானால் இன்னும் ஒன்று கூடும்.

காடு என்றால் மழை பெய்யாதா என்ன.

மார்ச் 25, சனி

நான்காவது வாரமும் காடுதான். மந்திரக்காரியாக விளையாடும் டீச்சர் பள்ளியில் கணக்கு எடுப்பவர். ஒரு மருந்து அட்டையின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். "மூணு பேர்னா பதினாலு. இருபதுல ஏழு வழி முன்னாடி, பதிமூணு வழி பின்னாடி. மழையைச் சேர்க்கவே இல்ல. இது காடு இல்ல சார், கீழே இறங்குற எஸ்கலேட்டர்ல மேலே ஏறுறது!"

கம்பவுண்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. இறங்கும்போது படியில் நின்றாள்.

"காடு முடியக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கே?"

"நிஜக் காடு மாதிரி இருக்கணும்னு எழுதினேன்."

"சரி" என்றாள். அந்தச் ‘சரி’யைப் பத்து வருடம் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 26, ஞாயிறு

பெரிய கண்டுபிடிப்பு கண்டுபிடிச்சிட்டா. விதின்னா விதி. கஷ்டமா இல்லாட்டி அது என்ன காடு, பூங்காவா?

சரி, மழை எதுக்குப் போட்டேன்? யாராவது கேட்டாங்களா? வாரம் பூரா லென்ஸ் தேய்ச்சிட்டு, அந்த ஒரு மத்தியானம் எதிர்ல உக்காந்திருக்கா, அவ்வளவுதான் — வேண்டாம். எழுதாதே.

மார்ச் 29, புதன்

திருத்திவிட்டேன். ஒற்றையடிப் பாதைக்கு எட்டு போதும். மழை கிடையாது. கம்பவுண்டரிடம் போனில் சொன்னேன். "புண்ணியமாப் போச்சு" என்றார்.

ஏப்ரல் 1, சனி

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "நடுவுல மாத்தக் கூடாது. எழுதினது எழுதினதுதான்." பிறகு, "தனியாப் போனா எவ்வளவு?" என்றாள்.

"பன்னிரண்டு."

"இவங்க ரெண்டு பேரும் இங்கேயே கூடாரம் போட்டுக்கட்டும். நான் போய்க் கோட்டையிலேர்ந்து ஆள் அனுப்புறேன்."

"தனியாவாம்மா?" என்றார் கம்பவுண்டர்.

"தனியாதான்."

டீச்சர், டீ போடுவதாகச் சொல்லி எழுந்தார். டம்ளர் எடுத்துத் தருவதாகக் கம்பவுண்டரும் பின்னாலேயே போனார். டம்ளர் மேசை மேலேயே இருந்தது.

நான் சொல்ல ஆரம்பித்தேன். விடிகிறது, பாதை இரண்டாகப் பிரிகிறது.

"ஈரம் எந்தப் பக்கம் கம்மி?"

"இடது."

"இடது."

பதினேழு. ஓடையைத் தாண்டினாள். ஐந்து. வழி தவறி மறுபடி ஓடைக்கே வந்தாள். பதினான்கு. பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் பகடை நிற்கும் முன்பே என் கண் அதில்தான். பெரிய எண் விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"பயமா இருக்கா?" கதை சொல்பவன் கேட்கக்கூடிய கேள்விதான்.

"இல்ல. கால் வலிக்குது, அவ்வளவுதான்."

இன்னும் ஒரு நாள் தூரம். உருட்டினாள். பதினொன்று.

"வெளிய வந்துட்டே. எதிர்ல கோட்டை தெரியுது."

"பன்னிரண்டுல்ல வேணும்?"

"காட்டோரம். மரம் கம்மி. பதினொண்ணு போதும்."

விதியில் அப்படி எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். பகடையை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

டீ ஆறிப்போயிருந்தது. எல்லோரும் குடித்தோம்.

ஏப்ரல் 15, சனி

கதை முடிந்தது. கோட்டை வாசலில் வாள்வீரன் செத்தான், கடைசிவரை மருந்து குடிக்காமல். கம்பவுண்டருக்குப் பரம திருப்தி. அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும்.

ஏப்ரல் 22, சனி

போகவில்லை. துணி துவைத்தேன்.

மே 6, சனி

டீச்சர் புதுக் கதை தொடங்கியிருக்கிறார். கடல். நான் விளையாடுகிறேன், படகோட்டியாக. கம்பவுண்டர் கப்பலிலும் வாளோடுதான் ஏறினார்.

ஜூன் 17, சனி

காலையில் கடைக்கு அவள் வந்தாள், கண் டாக்டரின் சீட்டோடு. வலது கண்ணில் கால் பவர் கூடியிருக்கிறது. அரை மணி நேரம் ஆகும் என்றேன். உட்கார்ந்தாள்.

"ஆட்டம் நடக்குதா?"

"நடக்குது. டீச்சர்தான் நடத்துறாங்க. நான் படகோட்டி."

"உனக்கு நீச்சலே தெரியாதே!"

"படகோட்டிக்குத் தெரியும்."

சிரித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிர்க்கடைப் பலகையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். எல்லாம் சரியாகத் தெரிகிறதாம். போய்விட்டாள். அடுத்து வந்தவருக்கு மூக்குப்பிடி தளர்ந்திருந்தது. முடுக்கிக் கொடுத்தேன்.

மருந்துக் கடை மாடி ஏறும்போதுதான், இப்போது எங்கே குடியிருக்கிறாள் என்று கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கேட்கத் தோன்றவில்லை.

டீச்சர் எனக்காகக் காத்திருந்தார். "புயல் வருது சார். என்ன செய்றீங்க?"

பாயை இறக்கினேன்.